பதில் வராத மூணு பெல்

ஷோபாவின் கணவர் சிவகுமார் லிஃப்டில் ஏறமாட்டார்.

பெங்களூரில் நாத்தனார் மகனுக்குக் கல்யாண ரிசப்ஷன் ஏழாவது மாடியில் நடந்தது. சொந்தபந்தமெல்லாம் லிஃப்டில் போய் இறங்கி ஜூஸ் குடித்து முடித்த பிறகுதான், பட்டு வேட்டியைத் தூக்கிப் பிடித்தபடி மனுஷன் படியேறி வந்து சேர்ந்தார். மாப்பிள்ளையின் கையைப் பிடித்துக் குலுக்கும்போது வாங்கிய மூச்சில், போட்டோக்காரர் இன்னொரு தடவை எடுக்க வேண்டியதாயிற்று.

"மைன்ஸ்ல கேஜ் ஓட்டுன ஆளு, லிஃப்டைப் பார்த்து மிரள்றீங்களே. கேட்டா ஊரே சிரிக்கும்" என்று ஷோபா அன்றைக்குக் கிண்டல் செய்தாள். அவர் சிரித்து மழுப்பிவிட்டார். எப்போதும் அப்படித்தான்.

அவள் கிண்டலில் நியாயம் இருந்தது. சுரங்கத்துக்குள் ஆட்களை ஏற்றி இறக்கும் இரும்புக் கூண்டுதான் கேஜ். அதை ஓட்டுபவர் கூண்டுக்குள் இருக்கமாட்டார். மேலே எஞ்சின் ஹவுஸில் உட்கார்ந்து, பெரிய டிரம்மில் கம்பிக் கயிற்றைச் சுற்றியும் அவிழ்த்தும் ஓட்டுவார். கீழே என்ன நடக்கிறது என்பது அவர் கண்ணுக்குத் தெரியாது. காதில் விழும் பெல்லும், எதிரே இருக்கும் டயலும்தான் அவருக்குக் கண். கோலார் தங்க வயலின் மைசூர் மைன்ஸில் அந்த வேலையைக் கற்றுக்கொண்ட சிவகுமார், அது மூடியதும் ஆப்பிரிக்காவில் ஒரு தங்கச் சுரங்கத்துக்கு வேலைக்குப் போனார். அங்கே கலவரம் மூண்டபோது கையில் ஒரு பையோடு ஊருக்கு ஓடிவந்தார். அதற்கப்புறம் கோரமண்டல் ஸ்டேஷன் பக்கத்தில் மோட்டார் காயில் கட்டும் கடை வைத்துக்கொண்டார். லிஃப்டில் ஏறாத பழக்கமும் அதற்கப்புறம்தான். இரண்டையும் முடிச்சுப் போட்டுப் பார்க்க வேண்டும் என்று ஷோபாவுக்கு ஒருநாளும் தோன்றியதில்லை.

போலீஸ்காரர் வீடு தேடி வந்த ஞாயிற்றுக்கிழமை வரைக்கும்.

ஷோபா வாசலில் கருவாடு கழுவிக்கொண்டிருந்தாள். வந்த கான்ஸ்டபிளுக்கு வயசு அதிகமில்லை. கையிலிருந்த கவரை நீட்டும்போது, மரியாதையாகப் பேசுவதா மிரட்டிப் பேசுவதா என்று அவருக்கே குழப்பமாக இருந்தது தெரிந்தது. ஜெர்மனியிலிருந்து டெல்லி வந்து, டெல்லியிலிருந்து பெங்களூர் வந்து, பெங்களூரிலிருந்து தங்கள் ஸ்டேஷனுக்கு வந்த சம்மன் என்று விளக்கினார். சாட்சி சொல்லத்தான் கூப்பிடுகிறார்கள், பயப்படத் தேவையில்லை என்றும் சொன்னார்.

"ஆனா சார், ஜெர்மனி கோர்ட்டுக்கும் நம்ம கோரமண்டலுக்கும் இன்னா சம்பந்தம்?" என்று கடைசியில் ஆவல் தாங்காமல் கேட்டும் விட்டார்.

 காகிதத்தைப் படித்த சிவகுமார், கவிழ்த்து வைத்திருந்த பக்கெட் மேல் அப்படியே உட்கார்ந்தார்.

"மாட்டிக்கினான்" என்றார். அவ்வளவுதான் அவர் வாயிலிருந்து வந்தது.

சாயங்காலத்துக்குள் விஷயம் பஜார் வரைக்கும் போய்விட்டது. ராபர்ட்சன்பேட்டையில் பெயின்ட், ஹார்டுவேர் கடை வைத்திருக்கும் சீனிவாசனுக்கு உலக விவகாரம் எல்லாம் அத்துப்படி. காயில் கம்பி வாங்கப் போன சிவகுமாரை நிற்க வைத்து அவர் பாடமே நடத்திவிட்டார். சர்வதேச கோர்ட்டு என்றால் சும்மா இல்லையாம். தனி பிளேன் அனுப்புவார்களாம். சாட்சி என்று கூட்டிப்போய் அங்கேயே கையில் விலங்கு மாட்டிவிடுவார்களாம். எந்த நாட்டு அரசாங்கமும் வாய் திறக்க முடியாதாம். இவ்வளவையும் சொல்லிவிட்டு, "எதுக்கும் நம்ம மேகனாவை ஒரு வார்த்தை கேட்டுக்கோ சிவா" என்று முடித்தார். மேகனா அவருடைய மகள். பெங்களூர் ஹைகோர்ட்டில் வக்கீல்.

விலங்கு என்ற வார்த்தை ஷோபாவைப் பிடித்துக்கொண்டது. அவள் பெங்களூரில் ஒரு கண் ஆஸ்பத்திரியில் பில்லிங் பார்க்கிறாள். தினமும் விடியற்கால ரயிலில் போய் இருட்டிய பிறகு வருகிறவள். அந்த வாரம் ரயிலில் பக்கத்துச் சீட்டுப் பெண்கள் என்ன பேசினார்கள் என்று கேட்டால் அவளுக்குச் சொல்லத் தெரியாது. புருஷன் ஜெர்மனி ஜெயிலில் கம்பளியைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருப்பது மட்டும்தான் பங்காரப்பேட்டை வரைக்கும் கண்ணில் நின்றது. அதற்கப்புறமும் நின்றது.

அடுத்த ஞாயிறு இருவரும் சீனிவாசன் கடையின் பின்கட்டில், பெயின்ட் டப்பாக்களுக்கு நடுவே மேகனாவுக்கு எதிரே உட்கார்ந்திருந்தார்கள். மேகனா சம்மனை ஒருமுறைக்கு இருமுறை படித்தாள்.

"அப்பா சொன்ன எதையும் நம்பாதீங்க ஆன்ட்டி. இது அந்த சர்வதேச கோர்ட்டே இல்ல."

கல்லாவில் இருந்து சீனிவாசன் தொண்டையைக் கனைத்தார். மகள் கண்டுகொள்ளவில்லை.

அவள் விளக்கியது இதுதான். போர்க்குற்றங்களை விசாரிக்க சர்வதேச நீதிமன்றம் ஒன்று இருப்பது உண்மை. ஆனால் உலகத்தில் நடக்கும் எல்லாவற்றையும் அது விசாரிப்பதில்லை. அந்தந்த நாடு தானே விசாரித்தால் அது தலையிடாது. இந்தியா அதில் சேரவும் இல்லை. இந்த வழக்கு வேறு வழியில் வந்தது. சுரங்கத்தைப் பிடித்து வைத்திருந்த ஆயுதக் கும்பலின் தலைவன், சண்டை முடிந்ததும் பெயரை மாற்றிக்கொண்டு ஜெர்மனிக்குப் போய், அகதி என்று சொல்லி ஒரு குடோனில் வேலை பார்த்துக்கொண்டிருந்தான். அவனால் பாதிக்கப்பட்ட யாரோ அவனை பஸ் ஸ்டாப்பில் பார்த்து அடையாளம் கண்டுபிடித்துவிட்டார்கள். இந்த மாதிரிக் குற்றம் எந்த மூலையில் நடந்திருந்தாலும், செத்தவன் எந்த நாட்டுக்காரனாக இருந்தாலும், தன் சொந்தக் கோர்ட்டிலேயே வழக்குப் போடலாம் என்று ஜெர்மனியில் சட்டம் இருக்கிறது. சிவகுமாரின் பெயரைப் பழைய சுரங்கக் கம்பெனியின் ஆள் பட்டியலிலிருந்து எடுத்திருக்கிறார்கள்.

"பிளேனும் வராது, ஒண்ணும் வராது. இங்கயே நம்ம கோர்ட்டுல உட்கார்ந்து வீடியோவில பேசலாம். சும்னே டென்ஷன் ஆகாதீங்க."

ஷோபாவுக்குப் பாதி உயிர் வந்தது. மீதிப் பாதிக்காகத்தான் அவள் அந்தக் கேள்வியைக் கேட்டாள். சாட்சி சொல்லப் போகிறவரையே குற்றவாளி ஆக்கிவிட முடியுமா?

மேகனா சிவகுமாரைப் பார்த்தாள். "அதை அங்கிள்தான் சொல்லணும். அங்க இன்னா நடந்துச்சு?"

சிவகுமார் கல்லாப் பக்கம் திரும்பிப் பார்த்தார். மேகனாவுக்குப் புரிந்தது. "அப்பா, கொஞ்சம் வெளிய போய் டீ சொல்லிட்டு வாங்களேன்" என்றாள். டீக்கடைக்காரன் எதிரில்தான் இருக்கிறான், இங்கிருந்தே கூப்பிடலாமே என்று முணுமுணுத்தபடி சீனிவாசன் எழுந்து போனார்.

அதற்குப் பிறகு சிவகுமார் பேசினார். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவர் அவ்வளவு நேரம் தொடர்ந்து பேசி ஷோபா கேட்டதில்லை.

கும்பல் சுரங்கத்தைப் பிடித்ததும் பம்புகள் நின்றுபோயின. கேஜ் இறங்கும் ஷாஃப்டின் அடியில் தண்ணீர் ஏறிவிட்டது. அவர்களுக்கு வேண்டாத ஊர்க்காரர்களைப் பிடித்துவந்து கேஜில் அடைத்து, அந்தத் தண்ணீருக்குள் இறக்கச் சொல்லியிருக்கிறான் கமாண்டர். முதல் நாள் அந்த ஊர் டிரைவர் ஒருவரை மிரட்டி இறக்க வைத்தார்கள். ஆட்களைத் தண்ணீர் அடித்துக்கொண்டு போக, கேஜ் வெறுமையாக மேலே வந்தது. அந்த டிரைவர் அன்றைக்கே ஓடிப் போனார், எங்கே போனாரென்று யாருக்கும் தெரியாது. மறுநாள் சிவகுமாரை இழுத்துவந்து எஞ்சின் ஹவுஸில் உட்கார வைத்தார்கள். பக்கத்தில் துப்பாக்கியோடு ஒருவன்.

கேஜில் இருபது பேருக்கு மேல் இருந்தார்கள். கேஜ் இறங்கத் தொடங்கியபோது அவருக்கு ஒரு யோசனை வந்தது. சுரங்கத்தின் மூன்றாவது தட்டில், அதாவது மூன்றாவது லெவலில், தண்ணீர் இல்லை. அங்கிருந்து ஒரு பழைய சுரங்கப் பாதை மலைச்சரிவுக்குப் போகும். டயலைப் பார்த்துச் சரியாக அந்த லெவலில் கேஜை நிறுத்தினார். பிரேக் சூடாகிவிட்டது, கொஞ்சம் ஆறவிடாமல் இறக்கினால் கயிறு அறுந்துபோகும் என்று துப்பாக்கிக்காரனிடம் சைகையில் சொல்லி, டிரம் மேல் தண்ணீரை ஊற்றினார். புஸ்ஸென்று ஆவி கிளம்பியதும் அவனே இரண்டு அடி தள்ளி நின்றான். அந்தச் சந்தில் கீழே இருக்கிறவர்களுக்கு மூணு பெல் கொடுத்தார்.

"மூணு பெல்லுன்னா?" என்று மேகனா கேட்டாள்.

"ஆளுங்க ஏறலாம், எறங்கலாம்னு அர்த்தம்மா. இங்க மைசூர் மைன்ஸ்ல கத்துக்கினது. அங்கயும் அதான். கீழ இருக்கிறவன் எறங்கி முடிச்சிட்டு அதே மூணு பெல்லைத் திருப்பி அடிக்கணும். அது வராம டிரைவர் கேஜை அசைக்கக் கூடாது. உயிரே போனாலும் அசைக்கக் கூடாது. எங்க ஃபோர்மேன் அப்டித்தான் சொல்லித் தந்தார்."

"திரும்பி வந்துச்சா?"

"வரல."

அவர் காத்திருந்தார். பிரேக்குக்கு மறுபடி மறுபடி தண்ணீர் ஊற்றினார். கடைசியில் டிரம் நிற்பதைப் பார்த்துக் கமாண்டரே உள்ளே வந்துவிட்டான். பிஸ்டலை எடுத்து பிரேக் லீவர் மேல், சிவகுமாரின் கைக்குப் பக்கத்தில் வைத்தான். அடி வரைக்கும் இறக்கு என்று தன் வாயாலேயே சொன்னான். சிவகுமார் இறக்கினார். கேஜ் மேலே வந்தபோது தண்ணீர் சொட்டிக்கொண்டு, முதல் நாள் போலவே வெறுமையாக இருந்தது.

"எறங்கிட்டாங்களா, இல்ல உள்ள இருக்கும்போதே நான் முக்கிட்டனா, தெரியாது. இன்னி வரைக்கும் தெரியாது."

ஏழாவது மாடிக்கு வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஏறிவந்த மனுஷனை ஷோபா நினைத்துக்கொண்டாள். தான் செய்த கிண்டலையும் நினைத்துக்கொண்டாள். அவளுக்கு அழுகை வரவில்லை, அவர் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

மேகனா ஒளிக்காமல் சொன்னாள். தனக்கு எதுவும் தெரியாது, தன் ஆட்களும் டிரைவர்களும் சேர்ந்து செய்ததுதான் என்று கமாண்டர் சாதிக்கிறான். அவனைத் தண்டிக்க வேண்டுமென்றால் அவனுக்குத் தெரிந்துதான் நடந்தது, அவன் உத்தரவில்தான் நடந்தது என்று காட்டியாக வேண்டும். அவன் வாயால் சொன்னதைக் காதால் கேட்ட சாட்சி சிவகுமார் ஒருவர்தான் இருக்கிறார் போலத் தெரிகிறது. ஆனால் அதைச் சொல்ல வந்தால், கயிற்றை அவிழ்த்தது தன் கைதான் என்பதையும் சொல்ல வேண்டி வரும். தன்னைச் சிக்க வைக்கும் கேள்விக்கு பதில் சொல்லாமல் இருக்கச் சாட்சிக்கு உரிமை உண்டு. துப்பாக்கி முனையில் செய்ததைச் சட்டம் வேறு மாதிரிதான் பார்க்கும். அப்படியிருந்தும், வழக்கே வராது என்று தன்னால் சத்தியம் செய்ய முடியாது.

சீனிவாசன் டீயோடு திரும்பி வந்து ஆளுக்கொரு டம்ளரை வைத்தார். அன்றைக்கு அவர் எந்தத் தகவலும் சொல்லவில்லை.

வீட்டுக்கு வந்ததும் ஷோபா கேட்டாள்: "நீங்க அந்த ரெண்டாவது வாட்டி எறக்கினதை மட்டும் சொல்லாம உட்டா இன்னா?"

"அப்ப அவன் வந்து பிஸ்டலை வச்சதையும் சொல்ல முடியாதே."

"அவன் போறான் எங்கனா. உங்களை உள்ள போட்டா நான் இன்னா செய்றது?"

"அவன் மாட்டறதுக்கு வேற ஆள் இல்ல ஷோபா. அந்த இருவது பேரும் இருந்திருந்தா அவங்க சொல்லுவாங்க. நான் ஏன் போறேன்?"

அவள் ரசத்தை இறக்கி வைத்துவிட்டு, ரொம்ப நேரம் கரண்டியைக் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தாள். சாட்சி சொல்லும் நாளுக்கு ஆஸ்பத்திரியில் லீவு மட்டும் சொல்லி வைத்தாள்.

அந்த நாளும் வந்தது. கோர்ட்டுக் கட்டடத்தில் வீடியோ அறை மூன்றாவது மாடியில் இருந்தது. புது லிஃப்ட் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றது. மேகனா அதில் ஏறப் போனவள், சிவகுமார் படிப் பக்கம் திரும்புவதைப் பார்த்து ஒன்றும் சொல்லாமல் அவரோடு படியேறினாள். ஷோபாவும் ஏறினாள். இந்தத் தடவை கிண்டல் இல்லை.

மாஜிஸ்திரேட் ஓர் ஓரமாக உட்கார்ந்திருந்தார். சுவரில் இருந்த திரையில் ஜெர்மனி கோர்ட்டு தெரிந்தது. ஐந்து நீதிபதிகள், நடுவில் நரைத்த கூந்தலோடு தலைமை நீதிபதி அம்மா. ஒரு பக்கம் அரசுத் தரப்பு வக்கீல்கள். இன்னொரு பக்கம் கண்ணாடி போட்ட, கோட்டு அணிந்த ஒரு கறுப்பு மனிதன். அவன்தான் கமாண்டர் என்று சிவகுமாரின் தோள் இறுகியதிலிருந்தே ஷோபாவுக்குப் புரிந்தது. பஸ் ஸ்டாப்பில் பார்த்தால் வழி கேட்கத் தோன்றுகிற முகம் அது. அரசுத் தரப்புக்குப் பக்கத்தில் இன்னும் சில பேர் உட்கார்ந்திருந்தார்கள், முகம் சரியாகத் தெரியவில்லை.

மொழிபெயர்க்க ஓர் அம்மா இருந்தார். வாயைத் திறந்ததும்தான் யாழ்ப்பாணத்துக்காரர் என்று தெரிந்தது.

"ஐயா, நான் கதைக்கிறது உங்களுக்கு விளங்குதோ?"

"வெளங்குதுங்கம்மா. நான் பேசறது உங்களுக்குப் புரியுதுங்களா?"

"ஓம் ஐயா. கொஞ்சம் ஆறுதலாக் கதையுங்கோ, அது காணும்."

மெதுவாகப் பேசினால் போதும் என்கிற அந்தப் பேச்சைக் கேட்டதும் அறையில் இறுக்கம் கொஞ்சம் தளர்ந்தது. மாஜிஸ்திரேட் கூட லேசாகச் சிரித்தார்.

தலைமை நீதிபதி முதலில் சாட்சியின் உரிமையைச் சொன்னார். உங்களைக் குற்றத்தில் சேர்க்கக்கூடிய கேள்வி எதற்கும் நீங்கள் பதில் சொல்ல வேண்டியதில்லை என்றார். மேகனா திரும்பி, புரிந்ததா என்று கண்ணால் கேட்டாள். சிவகுமார் தலையாட்டினார். பிறகு நடந்ததை ஆரம்பத்திலிருந்து சொன்னார். பெயின்ட் டப்பாக்களுக்கு நடுவே சொன்னது போலவேதான். பிஸ்டலைச் சொன்னார். இறக்கு என்று கமாண்டர் சொன்ன வார்த்தையை, அந்த ஊர் பாஷையிலேயே திருப்பிச் சொன்னார். திரையில் கோட்டு மனிதன் முதல் தடவையாகத் தலையைத் தூக்கினான்.

அவனுடைய வக்கீல் எழுந்தார். மரியாதையான மனிதர், குரலை உயர்த்தவே இல்லை. கேஜை ஓட்டியது யார் என்று கேட்டார். நான் என்றார் சிவகுமார். பதில் பெல் வராமல் அசைக்கக் கூடாது என்பது உங்கள் தொழில் விதி, இல்லையா? ஆமாம். பதில் வந்ததா? இல்லை. அப்படியானால், என்று அவர் நிறுத்தி நிதானமாகக் கேட்டதை மொழிபெயர்க்கும் அம்மா தயங்கித் தயங்கிச் சொன்னார்.

"நீங்கள் கேஜைத் தண்ணிக்குள்ள இறக்கேக்க, அதுக்குள்ள ஆக்கள் இருக்கினம் எண்டு நினைச்சனீங்களோ?"

மேகனா எழுந்துவிட்டாள். இதற்குச் சாட்சி பதில் சொல்லத் தேவையில்லை என்று ஆங்கிலத்தில் சொன்னாள். தலைமை நீதிபதியும் ஆமோதித்து, சிவகுமாரிடம் அதையே திருப்பிச் சொன்னார். ஷோபா பெஞ்சின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். சொல்லாதீங்க, சொல்லாதீங்க என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டே இருந்தாள்.

சிவகுமார் கைக்குட்டையால் முகத்தைத் துடைத்தார்.

"இருந்தாலும் இருப்பாங்கன்னு நெனச்சிக்கினேதான் எறக்கினேன்" என்றார். "எறங்கியிருக்கணும் சாமின்னு வேண்டிக்கினே எறக்கினேன். இன்னா நடந்துச்சுன்னு எனக்குத் தெரியாதுங்க. தெரிஞ்சவங்க யாரும் இல்ல."

வக்கீல் தலையாட்டிவிட்டு உட்கார்ந்தார். அந்தத் தலையாட்டல் ஷோபாவுக்குப் பிடிக்கவே இல்லை. எல்லாம் முடிந்தது என்று அவள் நினைத்தாள். எந்தப் போலீஸ்காரர் வருவார், அதே கான்ஸ்டபிள்தானா, வரும்போது மாற்றுத் துணி எடுத்து வைக்க விடுவார்களா என்றெல்லாம் யோசனை ஓடியது.

திரையில் யாரோ கையை உயர்த்தினார்கள். அரசுத் தரப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர்களில் ஒருவர். ஜெர்மனியில் பாதிக்கப்பட்டவர்களும் வழக்கில் ஒரு தரப்பாக உட்காரலாம், சாட்சியைக் கேள்வி கேட்கலாம் என்று மேகனா ஷோபாவின் காதில் கிசுகிசுத்தாள். நீதிபதி அனுமதித்ததும் அந்த மனிதர் மைக்குக்கு முன்னால் வந்தார். ஒல்லியான ஆள், தலை வழுக்கை, ஒரு கையில் இரண்டு விரல் இல்லை. பெயர் தியோ என்று மொழிபெயர்க்கும் அம்மா அறிமுகம் செய்தார். அந்தச் சுரங்கத்தில் தள்ளுவண்டி தள்ளியவராம்.

தியோ கேட்ட கேள்வி சின்னது. அன்றைக்கு மூன்றாவது லெவலில் கேஜ் நின்ற பிறகு எத்தனை பெல் அடித்தீர்கள்?

"மூணு" என்றார் சிவகுமார்.

தியோ மைக்கை இன்னும் கிட்டே இழுத்துக்கொண்டார். பிறகு பேச ஆரம்பித்தார். மொழிபெயர்க்கும் அம்மா எழுதிக்கொண்டே வந்தவர், நடுவில் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். பிறகு இந்தப் பக்கம் திரும்பிச் சொன்னார்.

"ஐயா, அவர் அந்தக் கேஜுக்குள்ள இருந்தவராம். மூண்டு மணி கேட்ட உடன தனக்கு விளங்கிட்டுதாம், ஆரோ எங்களை இறங்கச் சொல்லுறாங்கள் எண்டு. கதவைத் திறந்து எல்லாரையும் இறக்கினவராம். எல்லாரும் இறங்கினவையாம் ஐயா. ஒருத்தரும் மிச்சமில்லையாம். பழைய பாதையால நடந்து மலைப்பக்கம் வந்து சேர்ந்திட்டினமாம்."

சிவகுமார் நாற்காலியிலிருந்து பாதி எழுந்தார். என்ன செய்வதென்று தெரியாமல் மறுபடி உட்கார்ந்தார்.

தியோ இன்னும் முடிக்கவில்லை. மணிக் கயிற்றைத் தன் கையில் பிடித்தே நின்றதாகச் சொன்னார். திருப்பி அடிக்க வேண்டும் என்பது தொழிலாளியாகத் தனக்கும் தெரியும். ஆனால் எஞ்சின் ஹவுஸில் துப்பாக்கிக்காரன் இருப்பான். கீழேயிருந்து மணி கேட்டால் உயிரோடு யாரோ இறங்கிவிட்டார்கள் என்று அவனுக்குத் தெரிந்துபோகும், தங்களையும் தேடி வருவான், மேலே இருக்கும் டிரைவரையும் சுடுவான். அதனால் கயிற்றை விட்டுவிட்டு நடந்தார். அந்த டிரைவர் யார், உயிரோடு இருக்கிறாரா என்று இத்தனை வருஷம் தெரியாது. இந்தியாவிலிருந்து ஒருவர் சாட்சி சொல்வார் என்றுதான் சொன்னார்கள், யாரென்று சொல்லவில்லை.

பிறகு தியோ நீதிபதியைப் பார்த்து அனுமதி கேட்டார். கேள்வி இல்லை, ஒரு பதில் பாக்கி இருக்கிறது என்றார். நீதிபதிக்குச் சட்டென்று புரியவில்லை. புரிந்ததும் கண்ணாடியைக் கழற்றிவிட்டுத் தலையசைத்தார்.

தியோ முன்னால் இருந்த மேஜையை இரண்டு விரல் இல்லாத அந்தக் கையின் முட்டியால் தட்டினார். ஒன்று. இரண்டு. மூன்று.

ஜெர்மனியில் தட்டிய சத்தம் கோலார் தங்க வயலில் ஒரு சின்ன ஸ்பீக்கர் வழியாகக் கேட்டது. சிவகுமார் பிரேக் லீவரைப் பிடிக்கிறவர் மாதிரி வலது கையை நீட்டி, எதையோ பிடித்திருந்தவர் விடுவதைப் போல விட்டார். அப்புறம் முகத்தைக் கைக்குட்டையில் புதைத்துக்கொண்டார். தோள் குலுங்கியது. ஷோபா எழுந்து போய்ப் பக்கத்தில் நின்றாள். சாட்சியின் பக்கத்தில் போகக்கூடாது என்று சொல்ல வாயெடுத்த கோர்ட்டுக் குமாஸ்தாவை மாஜிஸ்திரேட் கையமர்த்தினார்.

திரையில் அரசுத் தரப்பு வக்கீல் எழுந்து என்னவோ சொன்னார். மேகனா பல் தெரியச் சிரித்தாள். இந்தச் சாட்சி மீது தங்களுக்கு எந்தச் சந்தேகமும் இல்லை, எந்த விசாரணையும் எடுக்கும் எண்ணம் இல்லை, இதைப் பதிவு செய்துகொள்ளுங்கள் என்றாராம். எதிர்த்தரப்பு வக்கீலிடம் மேலே கேள்வி இருக்கிறதா என்று நீதிபதி கேட்டார். இல்லை என்று அவர் சொன்னபோது, கோட்டு மனிதன் மேஜையையே பார்த்துக்கொண்டிருந்தான். தீர்ப்பு வர இன்னும் மாசக்கணக்கில் ஆகும் என்று மேகனா சொன்னாள். ஆனால் உத்தரவு யாருடையது என்பதில் இனி அவன் தப்ப முடியாது என்றும் சொன்னாள்.

"சுகமா இருங்கோ ஐயா" என்றார் மொழிபெயர்க்கும் அம்மா. அதை மட்டும் அவர் தன் கணக்கில் சொன்னார்.

வெளியே வந்ததும் மேகனா யாரையோ பார்க்கப் போய்விட்டாள். தாழ்வாரத்தில் சிவகுமார் படிக்கட்டைத் தாண்டி நேராக லிஃப்டுக்கு எதிரே போய் நின்றார். ஷோபா மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தாள். பொத்தானை அழுத்தினார். ஒன்றும் நடக்கவில்லை. மறுபடி அழுத்தினார்.

"கரண்ட் இல்ல சார்" என்று எங்கிருந்தோ பியூன் குரல் கொடுத்தார். "படியில போங்க."

சிவகுமார் சிரித்தார். சிரிப்பு நிற்கவில்லை, சுவரில் சாய்ந்துகொண்டு சிரித்தார். "இத்தினி வருஷம் கழிச்சி இன்னிக்குதான் மனசு வந்துச்சு, இவனுக்கு இன்னிக்குதானா கரண்ட் போகணும்" என்றார். ஷோபாவும் சிரித்தாள். சிரிக்கும்போதே கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

இரண்டு பேரும் படியில் இறங்கினார்கள். கீழே வேப்ப மரத்தடியில் சீனிவாசன் காத்துக்கொண்டிருப்பது ஜன்னல் வழியாகத் தெரிந்தது. கையில் பெரிய டிபன் கேரியர். ஜெயிலில் என்ன சாப்பாடு போடுவார்களோ என்ற கவலையில் கொண்டுவந்திருப்பார் என்று ஷோபா சொல்ல, சிவகுமார் மறுபடி சிரிக்க ஆரம்பித்தார். பாதிப் படி இறங்கியிருப்பார்கள். கரண்ட் வந்து, தலைக்கு மேல் டியூப் லைட் மினுக்கி மினுக்கி எரிந்தது. மேலே லிஃப்டின் மோட்டார் உறுமும் சத்தம் கேட்டது.

சிவகுமார் நின்றார். மேலே பார்த்தார், பிறகு ஷோபாவைப் பார்த்தார்.

"அதுக்கு இன்னா, வாங்க" என்றாள் அவள். புடவைக் கொசுவத்தைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்துக்கொண்டு, இறங்கி வந்த படிகளில் அவருக்கு முன்னால் திரும்ப ஏறத் தொடங்கினாள்.